கொரண்டித் தீவு

ஒரு சனிக்கிழமை காலை நண்பர்கள் ஆறு பேர் மரினா சவுத் பியரில் படகு ஏறினோம். கையில் பாய், நாசி லெமாக் பொட்டலங்கள், ஒரு சின்ன ஸ்பீக்கர். லாசரஸ் தீவில் கடலில் குளித்துவிட்டு சாயங்காலம் திரும்புவதுதான் திட்டம். நீண்ட விடுப்பு கிடைக்காத எங்களைப் போன்றவர்களுக்குச் சிங்கப்பூரில் கைக்கெட்டும் 'வெளியூர்' இதுதான். செயின்ட் ஜான்ஸ் தீவில் இறங்கி, இரண்டு தீவுகளையும் இணைக்கும் பாதையில் கொஞ்சம் நடந்தால் லாசரஸ் கடற்கரை வந்துவிடும். இறங்கிய கூட்டம் நேராக அந்தப் பக்கம்தான் போனது. செயின்ட் ஜான்ஸில் யாரும் நிற்கவில்லை.

நான் நின்றேன். காரணம் தாத்தா.

முந்தைய இரவு சாப்பிடும்போது எங்கே போகிறோம் என்று சொன்னேன். "செயின்ட் ஜான்ஸா? கொரண்டித் தீவுன்னு சொல்லு" என்றார். சும்மா ஒரு பேச்சுக்கு, "நீங்களும் வாங்களேன் தாத்தா" என்றேன்.

"ஏழு நாள் இருந்தாச்சு பாப்பா. அது போதும்."

85 வயதாகிறது. இந்த ஏழு நாளைப் பற்றி அவர் வீட்டில் அதுவரை யாரிடமும் பேசியதில்லை. அப்பாவுக்கே தெரியாது. 'குவாரண்டைன்' என்ற சொல்தான் அவர் நாக்கில் கொரண்டியாகியிருக்கிறது என்பது எனக்கே சற்று நேரம் கழித்துத்தான் உறைத்தது.

பள்ளிப் பாடத்தில் இந்தத் தீவு ஒரே ஒரு வரியில் வரும். 1819 ஜனவரி 28 அன்று ராஃபிள்ஸின் கப்பல்கள் சிங்கப்பூரில் இறங்குமுன் இதன் அருகேதான் நங்கூரம் பாய்ச்சின. மலாய்க்காரர்கள் வைத்த பெயர் புலாவ் செகிஜாங் பெண்டேரா. 'செகிஜாங்' ஆங்கிலேயர் காதில் 'செயின்ட் ஜான்' ஆகிவிட்டது என்று ஒரு கதை உண்டு.

தீவின் உண்மையான வரலாறு 1873-இல் சிங்கப்பூரில் பரவிய காலராவில் தொடங்குகிறது. ஊருக்குள் நோய் நுழையாமலிருக்க, வரும் கப்பல்களைக் கடலிலேயே நிறுத்திச் சோதிக்க வேண்டும் என்று காலனி அரசு முடிவெடுத்தது. 1874 நவம்பரில் செயின்ட் ஜான்ஸில் தனிமைப்படுத்தும் நிலையம் திறக்கப்பட்டது. காலராக் கிருமியை ராபர்ட் கோக் உலகுக்கு அடையாளம் காட்டியதே அதற்குப் பத்து வருடம் கழித்துத்தான். எது பரவுகிறது என்று தெரியாமலே, எப்படித் தடுப்பது என்று தெரிந்து வைத்திருந்தார்கள். 1930-களில் கிழக்கே மிகப் பெரிய நிலையங்களில் ஒன்றாக இது வளர்ந்துவிட்டது. சீனாவிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் பிழைக்க வந்தவர்கள், மெக்காவிலிருந்து திரும்பிய ஹாஜிகள் என்று பல்லாயிரம் பேர் இதைக் கடந்தே ஊருக்குள் வந்தார்கள். பினாங்குக்கு ஜெரஜாக் தீவு எப்படியோ, சிங்கப்பூருக்கு இது அப்படி.

பொறியாளராக இந்த ஏற்பாட்டை நான் குறை சொல்ல மாட்டேன். ஆன்டிபயாடிக் இல்லாத காலத்தில் நோயாளியையும் ஊரையும் பிரித்து வைப்பதைத் தவிர வேறு வழியில்லை. எத்தனையோ உயிர்களை அது காப்பாற்றியிருக்கும். என் கேள்வி வேறு. யாரைப் பிரித்தார்கள்?

தாத்தா 1950-இல் பத்து வயதுப் பையனாகத் தன் அம்மாவுடன் நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறியவர். அவருடைய அப்பா இங்கே துறைமுகத்தில் வேலை பார்த்தார். இவர்கள் டெக் பயணிகள், அதாவது திறந்த தளத்தில் பாய் விரித்துப் படுத்து வந்தவர்கள். "கேபின்காரங்கள டாக்டரு கப்பல்லயே பாத்துட்டு அனுப்பிட்டாரு. எங்கள மட்டும் சின்னப் படகுல ஏத்துனாங்க" என்றார். இது அவருடைய கப்பலில் மட்டும் நடந்ததல்ல. கேபின் பயணிக்குப் பெரும்பாலும் கப்பலிலேயே பரிசோதனை, டெக் பயணிக்குத் தீவு. இப்படித்தான் வெகுகாலம் நடந்திருக்கிறது. கிருமிக்கு டிக்கெட்டின் வகுப்பு தெரியாது. அதிகாரிகளுக்குத் தெரிந்திருந்தது.

தீவில் ஆண்களைத் தனியாக, பெண்களைத் தனியாக வரிசையில் நிறுத்தி மருந்துத் தண்ணீரில் குளிக்கச் சொன்னார்களாம். மூட்டையிலிருந்த துணி முழுக்க நீராவிக் கொதிகலனுக்குப் போனது. கொட்டகைக்கு வெளியே தன் அம்மா நனைந்த ஒற்றைத் துணியோடு மற்ற பெண்களுடன் கூனிக்குறுகி நின்றதைப் பத்து வயதுப் பையன் பார்த்திருக்கிறான். புருஷனைப் பார்க்கும்போது கட்டிக்கொள்ள அவர் ஒரு புதுச்சேலை கொண்டுவந்திருந்தார். அது ஆவியில் வெந்து சாயம் ஓடித் திரும்பி வந்தது. எட்டாம் நாள் கரையில் அதைத்தான் கட்டிக்கொண்டு இறங்கினார்.

"தாத்தாகிட்ட சொன்னீங்களா?" என்று கேட்டேன். அவருடைய அப்பாவைத்தான் கேட்கிறேன் என்று அவருக்குப் புரிந்தது.

"அம்மா சொல்ல வேணாம்னுச்சு. சொல்லல."

கப்பல் கூட்டம் குறைந்தபின் தீவுக்கு வேறு வேலைகள் வந்தன. தாத்தா வந்துபோன மறுவருடமே பிரிட்டிஷ் அரசு அரசியல் கைதிகளை இங்கே அடைத்தது. பின்னாளில் சிங்கப்பூரின் அதிபரான தேவன் நாயரும், பத்திரிகையாளர் சமாத் இஸ்மாயிலும் அவர்களில் அடக்கம். 1955-இல் அபின் பழக்கத்துக்கு ஆளானவர்களுக்கான சிகிச்சை மையம் வந்தது. 1970-களில் விடுமுறைத் தீவானது. ஊருக்குள் வைத்துக்கொள்ள விரும்பாதவர்களையெல்லாம் நூறு வருடம் அனுப்பிவைத்த இடத்துக்கு, இப்போது நாம் காசு கொடுத்துப் போகிறோம்.

இதையெல்லாம் பழைய கதை என்று ஒதுக்க என்னால் முடியவில்லை. 2019-இல் படிப்பை முடித்து ஒரு கட்டுமானத் தளத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். அடுத்த ஏப்ரலில் கொவிட் வந்து தளத்தை மூடினார்கள். நான் வீட்டிலிருந்து லேப்டாப்பில் வேலை செய்தேன். என்னோடு வேலை செய்த தமிழ்நாட்டு அண்ணன்மார்கள் விடுதி அறையைவிட்டு மாதக்கணக்கில் வெளியே வர முடியவில்லை. மூன்று லட்சத்துக்கும் அதிகமான விடுதித் தொழிலாளர்களின் நிலை அதுதான். நெருக்கியடித்த அறைகளில் தொற்று வேகமாகப் பரவியது உண்மை, கட்டுப்பாடு தேவைப்பட்டதும் உண்மை. ஆனால் நாங்கள் உணவகம், கடற்கரை என்று சுற்றத் தொடங்கிய பிறகும், 2022-இல்கூட, அவர்கள் வெளியே போக அனுமதிச் சீட்டு எடுக்க வேண்டியிருந்தது. அப்போது ஒரு அண்ணன் போனில், "ஞாயித்துக்கெழம தேக்காவுல ஒரு டீ குடிச்சாப் போதும்மா" என்றார். நான் ஏதோ ஆறுதல் சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். டெக்கும் கேபினும் எனக்குத் தெரிந்தே இருந்திருக்கின்றன. நான் கேபினில் இருந்ததால் அதைப் பற்றி யோசிக்கவில்லை.

அன்றைக்குத் தீவில் ஒரு மணி நேரம் நடந்தேன். மரநிழல், பூனைகள், முள்கம்பி வைத்த பழைய வேலி. குளியல் கொட்டகை எங்கே இருந்திருக்கும் என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. பிறகு பாதையைக் கடந்து லாசரஸுக்குப் போய் நண்பர்களோடு குளித்தேன். தண்ணீர் நன்றாகத்தான் இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் தாத்தா டிவியைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "அந்தக் கொட்டகை இன்னும் இருக்கா?"

"இல்ல தாத்தா. நான் பாத்த வரைக்கும் ஒன்னும் இல்ல."

"சரி" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "படகுக்கு எவ்வளவு?" என்று கேட்டார்.