சுவால்பார்டில் குளிர்காலப் பயணம்

சுவால்பார்டு என்பது நோர்வே நாட்டின் பெருநிலப்பகுதிக்கும் வடமுனைக்கும் இடையே, ஆர்க்டிக் பெருங்கடலில் அமைந்துள்ள தீவுக்கூட்டம் ஆகும். இங்குள்ள தீவுகளில் பெரியது ஸ்பிட்ஸ்பெர்கன். தலைமைக் குடியிருப்பான லாங்யியர்பியென் 1906 ஆம் ஆண்டில் நிலக்கரிச் சுரங்க ஊராகத் தோன்றியது. இங்கிருந்த கடைசி நோர்வேச் சுரங்கம் 2025 ஆம் ஆண்டில் மூடப்பட்டது. இன்று சுற்றுலாவும் அறிவியல் ஆய்வும் இவ்வூரின் முதன்மைத் தொழில்களாகும். கோடையில் மட்டுமன்றி, கதிரவன் எழாத குளிர்காலத்திலும் பயணிகள் இங்கு வருகின்றனர்.

துருவ இரவு

புவியின் அச்சு சாய்ந்திருப்பதால், குளிர்காலத்தில் வடமுனைப் பகுதி கதிரவனுக்கு எதிர்ப்புறமாக விலகி நிற்கிறது. தூத்துக்குடி மாவட்டத்திலுள்ள குலசேகரன்பட்டினம் ஏறத்தாழ 8.4° வட அகலாங்கில் உள்ளது. அங்கு ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் உள்ள வேறுபாடு சுமார் ஒரு மணி நேரமே. லாங்யியர்பியென் 78° வட அகலாங்கில் உள்ளது. அங்கு அக்டோபர் இறுதி முதல் பெப்ரவரி நடுப்பகுதி வரை கதிரவன் அடிவானத்திற்கு மேல் வருவதில்லை. நவம்பர் நடுப்பகுதி முதல் சனவரி இறுதி வரை நண்பகலிலும் இருள் நிலவும். சுற்றிலும் மலைகள் இருப்பதால் மார்ச் 8 ஆம் நாளை ஒட்டியே ஊருக்குள் வெயில் விழுகிறது. அந்நாளை மக்கள் விழாவாகக் கொண்டாடுகின்றனர்.

துருவ ஒளி

கதிரவனிலிருந்து வரும் மின்னூட்டத் துகள்கள் புவியின் காந்தப்புலத்தால் வழிநடத்தப்பட்டு, மேல் வளிமண்டல அணுக்களுடன் மோதும்போது துருவ ஒளி தோன்றுகிறது. உயிர்வளி அணுக்கள் பச்சை, சிவப்பு நிறங்களை வெளியிடுகின்றன. நண்பகலிலும் வானம் இருண்டிருப்பதால், பகல் நேரத் துருவ ஒளியையும் சுவால்பார்டில் காண முடியும். உலகில் மிகச் சில இடங்களிலேயே இக்காட்சி கிட்டும்.

பயணமும் பாதுகாப்பும்

ஓஸ்லோ, துரோம்சோ நகரங்களிலிருந்து லாங்யியர்பியெனுக்கு வானூர்திகள் செல்கின்றன. 1920 ஆம் ஆண்டின் சுவால்பார்டு உடன்படிக்கையின்படி இத்தீவுகள் நோர்வேயின் இறைமைக்கு உட்பட்டவை. இதில் கையொப்பமிட்டவற்றுள் அன்றைய பிரித்தானிய இந்தியாவும் ஒன்று. சுவால்பார்டுக்குத் தனி நுழைவிசைவு தேவையில்லை. எனினும் நோர்வே வழியாகச் சென்று திரும்ப வேண்டியிருப்பதால், இந்தியக் குடிமக்கள் ஒரு முறைக்கு மேல் நுழைய இசைவளிக்கும் செங்கன் விசா பெற்றிருத்தல் வேண்டும்.

நாய்கள் இழுக்கும் சறுக்கு வண்டிப் பயணமும் பனி ஊர்திப் பயணமும் இங்கு புகழ்பெற்றவை. பனிக்கரடிகள் நடமாடுவதால், குடியிருப்புக்கு வெளியே செல்வோர் அவற்றை அச்சுறுத்தி விரட்டும் கருவிகளை வைத்திருத்தல் கட்டாயமாகும். 2025 முதல் நடைமுறையிலுள்ள விதிகளின்படி, பனிக்கரடியிடமிருந்து குறைந்தது 300 மீட்டரும், மார்ச் முதல் சூன் வரை 500 மீட்டரும் விலகி நிற்க வேண்டும். 2015 டிசம்பரில் லாங்யியர்பியெனில் நிகழ்ந்த பனிச்சரிவில் வீடுகள் தகர்ந்து இருவர் உயிரிழந்தனர்.

இந்தியத் தொடர்பு

ஸ்பிட்ஸ்பெர்கனின் வடமேற்கிலுள்ள நீ-ஓலெசுண்ட் ஓர் ஆய்வுக் குடியிருப்பு. இங்கு இந்தியாவின் ஹிமாத்ரி ஆய்வு நிலையம் 2008 சூலை மாதத்தில் திறக்கப்பட்டது. கோவாவிலுள்ள தேசியத் துருவ மற்றும் பெருங்கடல் ஆய்வு மையம் இதனை நடத்துகிறது. முதல் இந்திய ஆர்க்டிக் ஆய்வுப் பயணம் 2007 இல் நடைபெற்றது. குளிர்காலத்திற்கான முதல் பயணம் 2023 டிசம்பரில்தான் தொடங்கியது. துருவ ஒளி, வளிமண்டல மின்னியல், நுண்துகள்கள், வானியல் தொடர்பான ரேடியோ அலைகள் ஆகியவற்றை இருண்ட மாதங்களில் ஆராய்வது இதன் நோக்கங்களுள் அடங்கும். நுண்ணிய அளவீடுகள் பாதிக்கப்படாதிருக்க, இக்குடியிருப்பில் வைஃபை, புளூடூத் ஆகியவற்றை அணைத்து வைக்க வேண்டும்.

துருவச் சுற்றுப்பாதையில் செல்லும் செயற்கைக்கோள் ஒவ்வொரு சுற்றிலும் இரு முனைகளுக்கு அருகே கடந்து செல்லும். எனவே லாங்யியர்பியெனுக்கு அருகில் 1997 இல் அமைக்கப்பட்ட சுவால்சாட் தரைநிலையம், ஒவ்வொரு சுற்றிலும் அதனுடன் தொடர்பு கொள்ளத்தக்க இடத்தில் உள்ளது. இத்தகைய பாதைக்குச் சிறிய ஏவூர்திகளைச் செலுத்தும் நோக்குடன், குலசேகரன்பட்டினத்தில் இந்தியாவின் இரண்டாவது விண்வெளி ஏவுதளத்திற்கு 2024 பெப்ரவரி 28 அன்று அடிக்கல் நாட்டப்பட்டது. சிறீஅரிக்கோட்டாவிலிருந்து தெற்கு நோக்கிச் செலுத்தப்படும் ஏவூர்தி, இலங்கையைத் தவிர்க்க வளைந்து செல்ல வேண்டியுள்ளதால் எரிபொருள் கூடுதலாகச் செலவாகிறது. குலசேகரன்பட்டினத்திலிருந்து நேராகத் தெற்கே செலுத்த இயலும்.

மாறிவரும் குளிர்காலம்

சுவால்பார்டு உலகச் சராசரியைவிடப் பன்மடங்கு விரைவாக வெப்பமடைந்து வருகிறது. இவ்வெப்பமாதல் குளிர்காலத்திலேயே மிகுதியாக உள்ளது. மேற்குக் கரையிலுள்ள ஃபியார்டு எனப்படும் ஒடுங்கிய கடற்கழிகளில் பனிக்கட்டி படர்வது குறைந்துள்ளது. 2025 பெப்ரவரியில் நீ-ஓலெசுண்டின் சராசரி வெப்பநிலை -3.3° செல்சியசாக இருந்தது. முந்தைய பதிற்றாண்டுகளில் அம்மாதச் சராசரி -15° அளவில் இருந்தது. அவ்வாண்டு மழை பெய்து, வெண்பனி உருகி, நிலத்தில் நீர் தேங்கியது. இத்தகைய மழைநீர் மீண்டும் உறையும்போது புற்களைப் பனிக்கட்டி மூடிவிடுவதால் துருவ மான்கள் உணவின்றித் தவிக்கின்றன. பயணிகளை இங்கு ஈர்க்கும் பனியும் கடுங்குளிருமே இத்தீவுகளில் விரைவாகக் குறைந்து வருகின்றன. கோடைகால அளவீடுகளைக் கொண்டு மட்டும் இம்மாற்றத்தை அறிய இயலாது என்பதால், இருண்ட மாதங்களில் மேற்கொள்ளப்படும் ஆய்வுப் பயணங்கள் இன்றியமையாதனவாகின்றன.