பணிசார் உளவியல் முதுநிலைக் கல்வி (ஐக்கிய இராச்சியம்)

பணிசார் உளவியல் முதுநிலைக் கல்வி என்பது, வேலைத்தலத்தில் மனிதரின் நடத்தை, திறன், உடல்நலம், குழு உறவுகள் ஆகியவற்றை அறிவியல் முறையில் ஆராயும் உளவியல் கிளையில், இளநிலைப் பட்டத்துக்குப் பின்னர் பெறப்படும் உயர்கல்வி ஆகும். இத்துறை ஐரோப்பாவில் பணி, நிறுவன உளவியல் எனவும், ஐக்கிய அமெரிக்காவில் தொழிலக, நிறுவன உளவியல் எனவும், ஐக்கிய இராச்சியத்தில் பெரும்பாலும் தொழில்சார் உளவியல் எனவும் அழைக்கப்படுகின்றது. ஐக்கிய இராச்சியத்தில் இதற்கான முதுநிலை அறிவியல் பட்டத்தை வழக்கமாக ஓராண்டு முழுநேரமாகவோ இரண்டாண்டு பகுதிநேரமாகவோ பயிலலாம். எனினும் இப்பட்டம் மட்டும் ஒருவரைச் சட்டப்படி தொழில்சார் உளவியலாளர் ஆக்குவதில்லை. பட்டத்துக்கும் பட்டப்பெயருக்கும் இடையிலான இவ்வேறுபாடு, இப்படிப்பைத் தெரிவு செய்யும் மாணவர் முதலில் அறிய வேண்டியதாகும்.

துறையின் இயல்பு

பணிசார் உளவியலின் கேள்விகளை இரண்டு வகையாகப் பிரிக்கலாம். ஒன்று, ஒரு வேலைக்கு ஏற்ற மனிதரை எவ்வாறு தேர்ந்தெடுப்பது, பயிற்றுவிப்பது என்பது. மற்றது, மனிதருக்கு ஏற்றவாறு வேலையை எவ்வாறு வடிவமைப்பது என்பது. பிரித்தானிய உளவியலாளர் அலெக் ரோட்ஜர், மனிதரை வேலைக்குப் பொருத்துதல், வேலையை மனிதருக்குப் பொருத்துதல் என இவ்விரண்டையும் வகுத்துக் காட்டினார்.

இரவு முறையில் பிழைகள் மிகும் ஒரு தொழிற்சாலையை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். முதல் வகையில் சிந்திப்பவர், கவனம் மிக்க தொழிலாளரைத் தெரிவு செய்யும் சோதனை ஒன்றைப் பரிந்துரைப்பார். இரண்டாம் வகையில் சிந்திப்பவர், பணிமுறைகளின் வரிசை, ஓய்வு நேரம், இயந்திரத்தின் காட்சிப் பலகை ஆகியவற்றை ஆராய்வார். முன்னதில் குறை தொழிலாளரிடம் தேடப்படுகின்றது. பின்னதில் வேலையில் தேடப்படுகின்றது. எக்கேள்வியைக் கேட்பது என்பதைப் பொறுத்து ஒருவர் வேலையை இழக்கவோ காக்கவோ நேரலாம். ஆகையால் இரண்டையும் ஒருசேரக் கற்பிப்பது இப்படிப்பின் அடிப்படையாகக் கொள்ளப்படுகின்றது.

வணிக மேலாண்மை, மனிதவள மேலாண்மை ஆகிய படிப்புகளில் இருந்தும் இது வேறுபடுகின்றது. அவை நிறுவனத்தை நடத்தும் முறைகளை முதன்மைப்படுத்துகின்றன. இதுவோ உளவியல் கோட்பாடு, அளவீடு, ஆய்வு முறை ஆகியவற்றை அடித்தளமாகக் கொண்டது.

வரலாறு

முதலாம் உலகப் போரின்போது வெடிமருந்துத் தொழிற்சாலைகளில் தொழிலாளர் மிக நீண்ட நேரம் வேலை செய்தனர். அவர்களது உடல்நலத்தை ஆராய்வதற்கு 1915 ஆம் ஆண்டில் பிரித்தானிய அரசு ஒரு குழுவை அமைத்தது. வேலை நேரத்தைக் கூட்டுவதால் உற்பத்தி அதே அளவில் கூடுவதில்லை என்பதை அக்குழுவுக்காக நடத்தப்பட்ட ஆய்வுகள் காட்டின. இதன் தொடர்ச்சியாக 1918 இல் தொழிலகக் களைப்பு ஆய்வு வாரியம் நிறுவப்பட்டது.

மருத்துவரும் உளவியலாளருமான சார்லஸ் சாமுவேல் மையர்ஸ், வணிகரான என்றி வெல்ச்சு என்பவருடன் இணைந்து 1921 இல் தேசியத் தொழிலக உளவியல் நிறுவனத்தைத் தோற்றுவித்தார். போர்முனை வீரரிடம் காணப்பட்ட 'செல் அதிர்ச்சி' என்னும் நிலையைப் பற்றி 1915 இல் மருத்துவ இதழில் எழுதியவரும் இவரே. இந்நிறுவனத்துக்காக ரோட்ஜர் 1952 இல் வெளியிட்ட ஏழு அம்சத் திட்டம், நேர்காணலில் விண்ணப்பதாரரை மதிப்பிடும் முறையாகப் பரவலாகப் பயன்பட்டது. உடலமைப்பு, கல்வியும் அனுபவமும், பொது நுண்ணறிவு, தனித்திறன்கள், ஆர்வங்கள், மனப்பாங்கு, சூழ்நிலை என்பன அவ்வேழு அம்சங்கள் ஆகும்.

இரண்டாம் உலகப் போரில், 1942 முதல், பிரித்தானியப் படை அதிகாரிகளைத் தெரிவு செய்வதற்குத் தேர்வு வாரியங்கள் அமைக்கப்பட்டன. இவற்றில் உளவியலாளரும் உளமருத்துவரும் பங்கேற்றனர். விண்ணப்பதாரருக்குக் குழுவாகச் செய்யும் பணிகளைக் கொடுத்து உற்றுநோக்கும் முறை இவற்றில் கையாளப்பட்டது. இன்றைய மதிப்பீட்டு மையங்களின் முன்னோடிகளில் இதுவும் ஒன்று.

இலண்டனின் தாவிசுட்டாக்கு நிறுவனத்தைச் சேர்ந்த எரிக் டிரிசுட், முன்னாள் சுரங்கத் தொழிலாளியான கென் பாம்ஃபோர்த் ஆகியோர் 1951 இல் வெளியிட்ட நிலக்கரிச் சுரங்க ஆய்வு இத்துறையின் திருப்புமுனைகளுள் ஒன்றாகும். முன்னர் சிறு குழுக்கள் கரி வெட்டுதல் முதலான பணிகளைத் தாமே பகிர்ந்து செய்துவந்தன. இயந்திரமயமான நீள்முகச் சுரங்க முறை, வேலையை மூன்று பணிமுறைகளுக்குப் பிரித்துக் கொடுத்து அக்குழுக்களைச் சிதைத்தது. புதிய கருவிகள் வந்தும் எதிர்பார்த்த பயன் கிட்டாததற்கு, தொழில்நுட்பமும் சமூக உறவும் ஒன்றோடொன்று பிணைந்திருப்பதே காரணம் என அவர்கள் விளக்கினர். சமூக-தொழில்நுட்ப அமைப்பு என்னும் கருத்து இவ்வாறு உருவானது.

இதே நிறுவனத்தைச் சேர்ந்த ஏ. கே. ரைசு, 1953 இல் இந்தியாவின் அகமதாபாத்தில் உள்ள ஒரு துணி ஆலையில் இக்கருத்தைப் பயன்படுத்தினார். அங்கு தானியங்கித் தறிகள் நிறுவப்பட்டும் உற்பத்தி உயராமல் இருந்தது. ஒவ்வொரு குழுவும் குறிப்பிட்ட சில தறிகளுக்கு முழுப் பொறுப்பேற்குமாறு வேலை மாற்றி அமைக்கப்பட்டது. அதன் பின்னர் உற்பத்தி உயர்ந்து, துணிச் சேதம் குறைந்தது.

பல்கலைக்கழகங்களில், இலண்டனின் பிர்க்பெக் கல்லூரி 1960களில் தொழில்சார் உளவியலுக்கெனத் தனித் துறையைக் கொண்டிருந்தது. செஃபீல்டு பல்கலைக்கழகத்தில் 1968 இல் மருத்துவ ஆராய்ச்சி அவை சமூக, பயன்பாட்டு உளவியல் அலகை நிறுவியது. அங்கு பணியாற்றிய பீட்டர் வார், வேலையும் வேலையின்மையும் உளநலத்தைப் பாதிக்கும் முறையை ஆராய்ந்து 1987 இல் நூலாக வெளியிட்டார்.

சேர்க்கைத் தகுதி

பிரித்தானிய உளவியல் கழகம் 1901 இல் தொடங்கப்பட்டு 1965 இல் அரச பட்டயம் பெற்ற அமைப்பாகும். முதுநிலைப் படிப்புகளுக்கு இது அங்கீகாரம் வழங்குகின்றது. அங்கீகாரம் பெற்ற படிப்பின் வழியாகப் பட்டய உளவியலாளராக விரும்புபவருக்குப் பட்டதாரி அடிப்படைத் தகுதி வேண்டும். இக்கழகம் அங்கீகரித்த உளவியல் இளநிலைப் பட்டத்தைக் குறைந்தது இரண்டாம் வகுப்புக் கீழ்ப்பிரிவில் பெற்றவருக்கு இத்தகுதி கிடைக்கும். வேறு பாடத்தில் பட்டம் பெற்றவர் உளவியல் மாற்றுப்படிப்பு ஒன்றை முதலில் முடித்து இதனைப் பெறலாம்.

இந்தியா, இலங்கை முதலிய நாடுகளில் உளவியல் பயின்றவரின் பட்டம் தனித்தனியாக மதிப்பிடப்படுகின்றது. சில பல்கலைக்கழகங்கள் அடிப்படைத் தகுதி இல்லாதவரையும் முதுநிலைப் படிப்பில் சேர்த்துக் கொள்கின்றன. அவ்வாறு சேர்பவர் பட்டம் பெறலாம். ஆனால் அக்குறையை நிறைவு செய்யும்வரை பட்டய உளவியலாளர் நிலைக்கு முன்னேற இயலாது. எனவே சேர்க்கைக் கடிதம் கிடைத்ததைத் தகுதி கிடைத்ததாகக் கருதுதல் தவறாகும்.

பாடத்திட்டம்

முதுநிலைப் பட்டம் 180 மதிப்பலகுகள் கொண்டது. இவற்றில் பொதுவாக 60 ஆய்வேட்டுக்கு உரியவை. அங்கீகாரம் பெற்ற படிப்புகளில் பின்வரும் ஐந்து பகுதிகள் இடம்பெறுகின்றன:

• பணியில் உளவியல் மதிப்பீடு: வேலைப் பகுப்பாய்வு, தேர்வு முறைகள், திறன் சோதனை, ஆளுமை வினாநிரல்.
• கற்றல், பயிற்சி, மேம்பாடு: பயிற்சித் தேவையை அறிதல், பயிற்சியின் பயனை மதிப்பிடுதல்.
• தலைமைத்துவம், ஈடுபாடு, ஊக்கம்: தலைமைக் கோட்பாடுகள், ஊதியமும் ஊக்கமும், பணி நிறைவு.
• நலனும் பணியும்: பணி அழுத்தம், களைப்பு, பணி-வாழ்க்கைச் சமநிலை.
• பணி வடிவமைப்பு, நிறுவன மாற்றம், மேம்பாடு: குழுக்கள், இயந்திரத்துடனான ஊடாட்டம், மாற்றத்துக்கான எதிர்ப்பு.

இவற்றுடன் ஆய்வு முறைகளும் புள்ளியியலும் கற்பிக்கப்படுகின்றன.

நலன் பற்றிய பாடத்துக்குப் பிரித்தானிய ஆய்வுகள் வலுவான சான்றுகளைத் தருகின்றன. 1985 இல் தொடங்கிய இரண்டாம் வைட்டுஹால் ஆய்வு, இலண்டனில் பணியாற்றிய 10,308 அரசு ஊழியரைப் பின்தொடர்ந்தது. தமது வேலையின் மீது குறைந்த கட்டுப்பாடு உடையோருக்கு இதய நோய் இடர் மிகுதி என்பதை அது காட்டியது. பிரித்தானிய உடல்நல, பாதுகாப்பு நிர்வாகம் 2004 இல் வெளியிட்ட மேலாண்மைத் தரங்கள் பணி அழுத்தத்தின் மூலங்களை ஆறாக வகுக்கின்றன: பணிச்சுமை, கட்டுப்பாடு, ஆதரவு, உறவுகள், பொறுப்பு, மாற்றம்.

புள்ளியியலின் இடம்

மாணவர் பலர் அஞ்சும் பாடம் புள்ளியியல் ஆகும். அதன் தேவையைத் தேர்வு முறைகள் பற்றிய ஆய்வு வரலாறு விளக்குகின்றது. ஒரு தேர்வு முறை பிற்காலப் பணித்திறனை எவ்வளவு சரியாக முன்னறிவிக்கின்றது என்பது ஏற்புடைமை எனப்படும். இது ஒட்டுறவுக் கெழுவால் அளக்கப்படுகின்றது. சுழியம் என்றால் தொடர்பே இல்லை. ஒன்று என்றால் முழுமையான முன்னறிவிப்பு.

1998 இல் சிமிட், அண்டர் ஆகிய அமெரிக்க ஆய்வாளர்கள் 85 ஆண்டு கால ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிட்டனர். அதில் பொது அறிதிறன் சோதனைக்கும் கட்டமைக்கப்பட்ட நேர்காணலுக்கும் 0.51 என்னும் கெழு கிடைத்தது. வேலைக்கு எடுக்கப்பட்டவர் மட்டுமே அளக்கப்படுவதால் ஏற்படும் குறைமதிப்பீட்டை ஈடுசெய்ய அவர்கள் ஒரு திருத்தத்தைக் கையாண்டிருந்தனர். சாக்கெட்டும் பிறரும் 2022 இல் வெளியிட்ட ஆய்வு, அத்திருத்தம் பல இடங்களில் மிகையாகச் செய்யப்பட்டதாக வாதிட்டது. அவர்களது கணிப்பில் கட்டமைக்கப்பட்ட நேர்காணலின் கெழு 0.42 ஆகவும், அறிதிறன் சோதனையின் கெழு 0.31 ஆகவும், கட்டமைக்கப்படாத நேர்காணலின் கெழு 0.19 ஆகவும் குறைந்தன.

இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் பாடநூல்களில் இடம்பெற்ற வரிசை ஒரு புள்ளியியல் திருத்தத்தால் மாறியது. அவ்வெண்களை நம்பித் தேர்வு முறைகளை அமைத்த நிறுவனங்கள் பல. இவ்வகை விவாதத்தைப் படித்து மதிப்பிடும் ஆற்றலைத் தருவதே இப்பாடத்தின் நோக்கமாகும்.

பட்டமும் பட்டப்பெயரும்

உளவியலாளரைச் சட்டப்படி ஒழுங்குபடுத்தும் முறை ஐக்கிய இராச்சியத்தில் 2009 ஆம் ஆண்டு சூலை 1 அன்று நடைமுறைக்கு வந்தது. அதன் பொறுப்பை ஏற்ற அவை, 2012 முதல் உடல்நல, பராமரிப்புத் தொழில்களுக்கான அவை என்னும் பெயரால் அறியப்படுகின்றது. இவ்வவையின் பதிவேட்டில் உள்ளவர் மட்டுமே 'தொழில்சார் உளவியலாளர்' என்று தம்மைக் குறிப்பிடலாம். பதிவு இன்றி அப்பெயரைப் பயன்படுத்துதல் குற்றமாகும்.

இப்பெயரைப் பெறும் வழி இரண்டு நிலைகள் கொண்டது. அங்கீகாரம் பெற்ற முதுநிலைப் பட்டம் முதல் நிலையாகும். தகுதி பெற்ற உளவியலாளரின் மேற்பார்வையில், பொதுவாகக் குறைந்தது இரண்டு ஆண்டுகள் பணிசார் பயிற்சி பெற்று மதிப்பிடப்படுதல் இரண்டாம் நிலையாகும். பயிற்சிக்கான வேலையை மாணவரே தேடிக்கொள்ள வேண்டியிருப்பதால், பட்டம் பெற்ற பலர் முதல் நிலையுடன் நின்று விடுகின்றனர்.

சட்டம் பட்டப்பெயரையே காக்கின்றது, பணியைக் காப்பதில்லை. 'உளவியலாளர்' என்னும் தனிச்சொல்லும், 'வணிக உளவியலாளர்', 'நிறுவன உளவியலாளர்' ஆகிய பெயர்களும் பாதுகாக்கப்பட்டவை அல்ல. எனவே பதிவு பெறாத ஒருவரும் நிறுவனங்களுக்கு ஆலோசனை வழங்கலாம். பதிவு பெற்றவர் மீது முறைப்பாடு எழுந்தால் அவை விசாரித்து அவரைப் பதிவேட்டிலிருந்து நீக்க முடியும். பதிவு பெறாதவர் மீது அத்தகைய நடவடிக்கைக்கு வழியில்லை.

பிற நாடுகளில்

ஐரோப்பிய உளவியலாளர் சங்கங்களின் கூட்டமைப்பு வழங்கும் யூரோசை சான்றிதழ், ஐந்தாண்டு பல்கலைக்கழகக் கல்வியையும் ஓராண்டு மேற்பார்வைப் பயிற்சியையும் கோருகின்றது. எசுப்பானியாவின் வலென்சியா பல்கலைக்கழகத்தின் ஒருங்கிணைப்பில், பல நாட்டுப் பல்கலைக்கழகங்கள் இணைந்து பணி, நிறுவன, பணியாளர் உளவியலில் 120 மதிப்பலகுகள் கொண்ட எராசுமசு முண்டசு கூட்டு முதுநிலைப் படிப்பை உருவாக்கின. ஐக்கிய அமெரிக்காவில் முதுநிலைப் பட்டத்துடன் பணியாற்றுவோர் பலர் உள்ளனர். ஆயினும் அங்கு உளவியலாளர் உரிமம் மாநிலச் சட்டங்களுக்கு உட்பட்டது. பொதுவாக முனைவர் பட்டத்தை வேண்டுவது.

அறநெறி

பணிசார் உளவியலாளருக்குக் கட்டணம் செலுத்துபவர் பெரும்பாலும் முதலாளி. ஆய்வுக்கு உள்ளாகுபவர் தொழிலாளி. பணி அழுத்தக் கணக்கெடுப்பில் ஒருவர் அளித்த விடை அவருடைய மேலாளரிடம் சென்றடைந்தால் அவருக்குத் தீங்கு நேரலாம். இதனால் தகவலறிந்த ஒப்புதல், விடைகளின் இரகசியத்தன்மை, தரவின் பயன்பாட்டு எல்லை ஆகியவை பயிற்சியின் பகுதியாக உள்ளன. மாணவர் தமது ஆய்வேட்டுக்குத் தரவு திரட்டும் முன்னர் பல்கலைக்கழக அறநெறிக் குழுவின் ஒப்புதலைப் பெறவேண்டும். சமத்துவச் சட்டம் 2010, பால், இனம், மாற்றுத்திறன் முதலியவற்றின் அடிப்படையில் நேரடியாகவோ மறைமுகமாகவோ பாகுபாடு காட்டுவதைத் தடை செய்கின்றது. தேர்வுச் சோதனைகளும் இதற்கு உட்பட்டவை.

பணி வாய்ப்புகள்

இப்பட்டம் பெற்றோர் ஆலோசனை நிறுவனங்கள், உளவியல் சோதனை வெளியீட்டகங்கள், அரசுத் துறைகள், படைத்துறை, மருத்துவ சேவை, பெரு நிறுவனங்களின் மனிதவளப் பிரிவுகள் ஆகியவற்றில் பணியாற்றுகின்றனர். சிலர் முனைவர் பட்ட ஆய்வைத் தொடர்கின்றனர். ஒரு படிப்பில் சேரும் முன்னர் அதன் அங்கீகாரம் நடப்பில் உள்ளதா, தம் இளநிலைப் பட்டம் அடிப்படைத் தகுதியைத் தருமா, இரண்டாம் நிலைப் பயிற்சிக்கு வழி உண்டா ஆகிய மூன்றையும் சரிபார்த்துக் கொள்வது பயனுள்ளது.

இவற்றையும் பார்க்க

• உளவியல்
• நிறுவன நடத்தை
• பணிச்சூழலியல்
• உளவியல் சோதனை
• மனிதவள மேலாண்மை