கைத்தொலைபேசியில் அடிக்கடி 'லைன்' போகிறதா? கோளாறு எங்கே என்று பாருங்கள்

"ஹலோ... கேக்குதா?" என்று கேட்டுக்கொண்டிருக்கும்போதே அழைப்பு துண்டிக்கப்படுகிறதா? புதுக் கைத்தொலைபேசி வாங்க ஓடாதீங்க. முதலில் இவற்றைச் சரிபாருங்கள்.

1. பக்கத்தில் இருப்பவருக்கு?
உங்கள் தொலைத்தொடர்பு நிறுவனத்தையே பயன்படுத்தும் ஒருவருக்கும் அங்கே லைன் இல்லையா? அப்படியென்றால் பிரச்சினை உங்கள் கைத்தொலைபேசியில் இல்லை. மின்தூக்கியிலும் அடித்தளக் கார்நிறுத்துமிடத்திலும் சிக்னல் குறைவது சகஜம்.

2. ஏர்பிளேன் மோட்
10 விநாடி போட்டு எடுங்கள். கைத்தொலைபேசி மீண்டும் சிக்னலைத் தேடும். சரியாகலையா? அணைத்துவிட்டு மறுபடியும் இயக்குங்கள்.

3. சிம் அட்டை
அதை வேறொரு கைத்தொலைபேசியில் போட்டுப் பாருங்கள். அங்கேயும் லைன் போனால் அட்டையை மாற்றுங்கள். அங்கே நன்றாக இருந்தால் கோளாறு உங்கள் கைத்தொலைபேசியில்தான்.

4. உட்லண்ட்ஸ் பக்கமா?
ஜொகூர் பாருவுக்கு அருகே இருப்பதால் மலேசியக் கட்டமைப்புக்குத் தாவலாம். 'அமைப்புகள்' பகுதியில் தானியக்கத் தேர்வை நிறுத்திவிட்டு உங்கள் நிறுவனத்தை நீங்களே தேர்ந்தெடுங்கள். மலேசியா செல்லும்போது திரும்ப மாற்ற மறந்திடாதீங்க.

5. தாத்தா பாட்டியின் பழைய கைத்தொலைபேசி
இதுதான் முக்கியம். சிங்கப்பூரில் 3ஜி சேவை 2024இல் நிறுத்தப்பட்டது. 4ஜி வழி பேச 'வோல்ட்டி' வசதி தேவை. அது இல்லாத கைத்தொலைபேசியில் இணையம் வந்தாலும் அழைப்பு போகாமல் இருக்கலாம். அவசரத்துக்கு 995ஐ அழைத்தாலும் அதே நிலைதான்.

அடுத்த முறை அவர்களைப் பார்க்கும்போது அந்த வசதி இயக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். வசதியே இல்லையென்றால், அவர்களுக்குத்தான் புதுக் கைத்தொலைபேசி தேவை.