நாற்றக் காற்றில் நல்லெரிபொருள்



சிதம்பரத்திற்குக் கிழக்கே பிச்சாவரத்துச் சுரபுன்னைக் காட்டில் படகேறிச் சென்றவர்கள், துடுப்பு சேற்றைக் கிளறும்போது எழும் அழுகிய முட்டை நாற்றத்தை மறந்திருக்கமாட்டார்கள். அது ஹைட்ரஜன் சல்பைடு என்னும் வாயு. காற்றுப் புகாத சேற்றில் வாழும் நுண்ணுயிர்கள், கடல்நீரில் கரைந்துள்ள சல்பேட்டு உப்புகளினின்று அதனை உண்டாக்குகின்றன. பள்ளி ஆய்வுக்கூடத்தில், கிப் கருவியில் இரும்பு சல்பைடின்மீது நீர்த்த அமிலத்தைச் செலுத்தி, அதே வாயுவை யானும் பல்லாண்டுகள் மாணவர்க்கு உண்டாக்கிக் காட்டியிருக்கிறேன். மாணவர் மூக்கைப் பொத்துவர்; யான் கரும்பலகையில் சமன்பாட்டை எழுதுவேன். அவ்வாயுவின் பெயரிலேயே ஓர் எரிபொருளின் பெயரும் அடங்கியிருப்பதை அந்நாளில் யான் எடுத்துச் சொன்னதில்லை. அக்குறையை இன்று தீர்த்துக்கொள்ள விரும்புகிறேன்.

மூக்கைப் பொத்திக்கொண்டு சிரித்துவிட்டுப் போகக்கூடிய வாயு அன்று இது. பத்து லட்சம் பங்கு காற்றில் ஒரு பங்கிற்கும் குறைவாக இருந்தாலும் நம் மூக்கு இதனை அறியும். நூறு பங்கை எட்டினாலோ, மோப்ப உணர்வே மரத்துப்போகும். நாற்றம் நின்றுவிட்டது என எண்ணுபவன் பேரிடரின் நடுவே நிற்பான்.

கடலூர் மக்கள் கந்தக நாற்றத்தை நன்கறிவர். அங்கே 1980களில் சிப்காட் தொழிற்பேட்டை எழுந்தது. உப்பனாற்றை அடுத்த சிற்றூரார் காற்றின் கேட்டைப்பற்றி நெடுங்காலம் முறையிட்டனர். 2004இல் அவர்களுள் சிலர் பயிற்சி பெற்று, வாளியினுள் பொருத்திய பையில் காற்றைப் பிடித்து ஆய்வகத்திற்கு அனுப்பினர். அக்காற்றில் நச்சுப் பொருள்கள் பல இருந்தமை தெரியவந்தது. கந்தக வாயுக்களும் அவற்றுள் அடங்கும். ஏட்டுக் கல்வி மிகுதியும் இல்லாத எளிய மக்கள், ‘நாறுகிறது’ என்ற முறையீட்டை அளந்தறியத்தக்க சான்றாக மாற்றினர். அறிவியல் என்பது இதுவன்றி வேறென்ன?

இனி இவ்வாயுவின் வரலாற்றைக் காண்போம். பதினெட்டாம் நூற்றாண்டில் ஸ்வீடன் நாட்டு வேதியியலறிஞர் ஷீலே இதனை முறையாக ஆராய்ந்தார். 1883இல் கார்ல் பிரீட்ரிக் கிளவுஸ் என்பார் இதனின்று கந்தகத்தை மீட்கும் முறைக்கு உரிமம் பெற்றார். இன்று கையாளப்படும் திருந்திய முறையில், வாயுவின் மூன்றில் ஒரு பங்கு எரிக்கப்பட்டுக் கந்தக டையாக்சைடாகிறது. அஃது எஞ்சிய பங்கோடு வினைபுரியக் கந்தகம் கிடைக்கிறது. உடன் வருவது நீராவி. உலகெங்கும் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகள் இம்முறையைப் பின்பற்றுகின்றன.

ஈண்டு ஒரு வியப்பைக் கவனியுங்கள். கச்சா எண்ணெயிலுள்ள கந்தகத்தை நீக்க, ஆலைகள் கோபால்ட்டு, மாலிப்டினம் ஆகிய உலோகங்களை வினையூக்கியாகக் கொண்டு, ஹைட்ரஜனைச் செலுத்துகின்றன. அந்த ஹைட்ரஜன் பெரும்பாலும் இயற்கை வாயு, நாப்தா முதலியவற்றினின்று, கரியமில வாயுவை வெளிவிட்டுச் செய்யப்படுவது. அது கந்தகத்தோடு கூடி ஹைட்ரஜன் சல்பைடாகிறது. பின்னர்க் கிளவுஸ் முறையில் கந்தகம் மட்டும் மீள்கிறது. விலை கொடுத்த ஹைட்ரஜனோ நீராய்ப் போகிறது. பதினேழு கிலோ ஹைட்ரஜன் சல்பைடில் பதினாறு கிலோ கந்தகமும் ஒரு கிலோ ஹைட்ரஜனும் உள்ளன. அந்த ஒரு கிலோவைத்தான் நாம் இழக்கிறோம்.

அதனைப் பிரித்தெடுத்தல் ஆகாதா? ஆகும். நீரைப் பிரிக்க வேண்டிய ஆற்றலில் ஏறத்தாழ பதினான்கில் ஒரு பங்கே கணக்குப்படி இதற்குப் போதும். ஆயினும் தடையொன்று உண்டு. ஆயிரம் டிகிரி செல்சியஸ் வெப்பத்திலும் வாயுவின் பெரும்பகுதி பிரியாமலே நிற்கும். பிரிந்தவையும் மீண்டும் கூடிவிடும். வினையூக்கி வினையை விரைவுபடுத்துமேயன்றி, அச்சமநிலையை மாற்றாது. ஆகவே, பிரியும் கந்தகத்தை அவ்வப்போது அகற்ற வேண்டும். 1978இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் மாலிப்டினம் சல்பைடை வினையூக்கியாக வைத்து, கந்தகத்தைக் குளிர்வித்து நீக்கியவாறே வாயுவைச் சுழலவிட்டு, நல்ல பயன் கண்டனர்.

வெப்பத்தினிடத்தே ஒளியைக் கொள்வது மற்றொரு வழி. 2006இல் புனேயிலுள்ள சி-மெட் ஆய்வு நிலையத்தாரும் தென்கொரிய ஆய்வாளரும், காட்மியமும் இண்டியமும் கலந்த சல்பைடைக் கொண்டு, கண்ணுக்குப் புலனாகும் ஒளியாலேயே இவ்வாயுவினின்று ஹைட்ரஜன் பெற்றதை வெளியிட்டனர். 2022இல் அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகத்தார், சிலிக்காவின்மேல் பதித்த நுண்ணிய தங்கத் துகள்களால் அதே செயலை ஒளியின் துணைகொண்டு செய்தனர். ஆய்வகத்தில் வென்ற இவ்வழிகளை, ஆலைக்கு ஏற்ற அளவிலும் விலையிலும் அமைப்பதே எஞ்சியுள்ள பணி.

மாணவர்களே, ஒன்றை மறவாதீர்கள். கழிவினின்று எரிபொருள் வரும் என்பது, கழிவைக் காற்றில் விடுவதற்கு அனுமதியாகாது. வாயுவைக் கசியாமல் அடைத்துப் பிடித்தால்தான் அதனைப் பிரிக்க முடியும். ஊரார் மூக்கை எட்டிய வாயு, ஊரார்க்கும் கேடு, ஆலைக்கும் இழப்பு. அன்று கடலூர்ச் சிற்றூரார் வாளியில் பிடித்துக் காட்டியது நஞ்சு. அதே இனத்து வாயுவைக் கலனில் பிடித்து எரிபொருளாக்கிக் காட்டும் பொறுப்பு உங்களுடையது. கிப் கருவியின் முன் இனி நிற்கும்போது, மூக்கைப் பொத்துங்கள். சமன்பாட்டைமட்டும் கண் திறந்து படியுங்கள்.