தொழில் பழக்குவோரும் வரிச்சலுகையும்

பேலியகொடையிலே வாகனம் திருத்தும் பட்டறையொன்றிற்குச் சென்று, பாடசாலையை விட்ட பையனொருவனைச் சேர்த்துக்கொள்ளும்படி நாம் கேட்டால், பட்டறைக்காரர் சொல்லும் விடை பெரும்பாலும் இதுதான்: "பழக்கலாம் தம்பி. பழகி முடியும்வரை நட்டம் எனக்கு. பழகியதும் அடுத்த பட்டறைக்காரன் கூடக் காசு கொடுத்துக் கூட்டிக்கொண்டு போய்விடுவான்." அவர் கூற்றில் நியாயமுண்டு. பயன் ஊருக்கு, செலவோ ஒருவருக்கு. அச்செலவிலே அரசாங்கம் பங்கேற்குமா என்பதே கேள்வி.

ஆதியில் அரசாங்கம் கொடுக்கவில்லை, வாங்கியது. இங்கிலாந்திலே பிள்ளையைத் தொழிலுக்கு விடும் பெற்றோர் ஆசானுக்குப் பணம் கட்டுவது வழக்கம். போர்ச் செலவுக்குப் பொருள் தேடிய அரசு, 1710 முதல் அப்பணத்துக்கும் வரி விதித்தது. 50 பவுண் வரை பவுணுக்கு ஆறு பென்ஸ். அதற்கு மேற்பட்டால் ஒரு சிலிங். செலுத்த வேண்டியவர் ஆசானே! 1804 வரை இது நீடித்தது. நம் செட்டியார் தெருவில் தகப்பனிடம் பொன்வேலை பழகிய மகனுக்குப் பத்திரமுமில்லை, வரியுமில்லை.

பிரான்சு 1925இல் வேறு வழி கண்டது. முதலாளிமார் கொடுக்கும் சம்பளத் தொகையில் 0.2 வீதம் வரி. தொழில் பழக்கச் செலவிட்டவர் அச்செலவைக் காட்டி விலக்குப் பெறலாம். பழக்காதவரே வரி கட்டினார்.

இலங்கையிலே, இளைஞர் வேலையின்மை கொதித்தெழுந்த 1971ஆம் ஆண்டிலேயே 49ஆம் இலக்கத் தேசிய பயிலுநர் சட்டம் பிறந்தது. அதன் சபை, 1990ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டத்தால் இன்றைய பயிலுநர் அதிகாரசபையாயிற்று. இந்தியா 1961இல் சட்டமியற்றி, 2016 முதல் உதவிப்பணத்திலே நாலிலொரு பங்கை, மாதம் 1500 ரூபாய்க்கு மேற்படாமல், தொழிலதிபருக்குத் திருப்பிக் கொடுக்கத் தொடங்கியது.

நம்மவர் பெருந்தொகையாகக் குடியேறிய கனடாவே இவ்விஷயத்தில் நன்கு ஆராயத்தக்கது. மத்திய அரசு 2006 முதல், பயிலுநர் சம்பளத்திலே 10 வீதத்தை, ஆண்டுக்கு 2000 டொலர் வரை, வரியிலே கழிக்க இடங்கொடுத்தது. ஆனால் கழிக்க வரி இருக்க வேண்டுமல்லவா? இலாபமற்ற சிறு கடைக்காரர் அச்சலுகையைப் பின்வரும் ஆண்டுகளுக்குத் தூக்கிச் செல்லலாமேயன்றிக் கையிலே காசு காணமாட்டார்.

ரொறன்ரோ அடங்கிய ஒன்ராறியோ மாகாணம் 2004இல் தொடங்கிய சலுகையோ, வரி இல்லாதவருக்கும் பணமாகவே கிடைத்தது. 2009இல் சிறு நிறுவனத்துக்கு 45 வீதம், பெரிய நிறுவனத்துக்கு 35 வீதம் என வகுத்து, ஆண்டுக்கு 10,000 டொலர் வரை உயர்த்தினர். சிறியவருக்குக் கூடுதல் வீதம் என்பது, எமது எண்ணத்தில், மிகச் சரியான முடிவு. எனினும் பையன் பயிற்சியை முடித்தாலென்ன, முடிக்காவிட்டாலென்ன, பணம் ஒன்றே. 2015இல் தொகையைக் குறைத்தனர். 2017 நவம்பர் 14க்குப் பின் பதிந்தவர்களுக்குச் சலுகையே இல்லை. அதன் இடத்தில், பயிலுநர் ஒவ்வொரு படியாகத் தேறுகையில் முதலாளிக்குப் பணம் கொடுக்கும் ஏற்பாடு வந்தது.

பேலியகொடைப் பட்டறைக்காரருக்கு எது பொருந்தும்? கணக்குப் புத்தகமே இல்லாதவரிடம் வரிக்கழிவு பேசிப் பயனில்லை. ஒன்ராறியோ வழியில் கொடுப்பதானாலும், பையனின் பெயர் பதிவிலும் அவன் சம்பளம் கணக்கிலும் இருத்தல் வேண்டும். கணக்கியல் படிக்கும் நம் அங்கத்தவர்கள், பட்டறைக்கு ஒருவராக, மாதம் ஒரு ஞாயிறு சென்று அந்த வேலையை இப்போதே தொடங்கலாம்.