நால்வர் குழு பிறந்த கதை

வாள்வீரன், மந்திரவாதி, பூசாரி, திருடன் ஆகிய நால்வரும் இருந்தால்தான் குழு நிறையும் என்பது மேசையைச் சுற்றி ஆடும் கற்பனைச் சாகச ஆட்டங்களில் எழுதாத விதி. இதை யாரோ முன்கூட்டித் திட்டமிட்டு வகுத்ததாக எண்ணத் தோன்றும். வரலாறு அப்படிச் சொல்லவில்லை. கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் 1974இல் அமெரிக்காவில் வெளியிட்ட ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ ஆட்டத்தில் முதல் மூவர் மட்டுமே இருந்தனர். அவர்களிலும் பூசாரி, ஆர்னசனின் ஆட்டத்தில் அடக்க முடியாதபடி வலுத்துவிட்ட ஓர் இரத்தக்காட்டேரியை எதிர்க்கப் பிறந்தவர். பூட்டைத் திறக்கவும் பொறியை அகற்றவும் தெரிந்த திருடன், 1975இல் ‘கிரேஹாக்’ இணைப்பு நூல் வழியே ஆட்டத்தின் அங்கமானான். தேவை முன்னே வந்தது, பாத்திரம் பின்னே வந்தது.

சமநிலைதான் வடிவமைப்பாளர்களின் நோக்கம் என்போர் 2008இல் வந்த நான்காம் பதிப்பைச் சான்று காட்டலாம். காப்பவர், தாக்குபவர், தலைவர், கட்டுப்படுத்துபவர் என்று அது பங்குகளுக்குப் பெயரே சூட்டியது. ஆனால் அது 34 ஆண்டுப் பழக்கத்துக்குப் பிந்தி வைத்த பெயர். 2014இன் ஐந்தாம் பதிப்பு அந்தப் பட்டங்களைக் கைவிட்ட பின்னும் பழக்கம் மறையவில்லை. ஆட்டத்தை நடத்துபவரே குழுவுக்கேற்ப ஆபத்தைக் கூட்டிக் குறைக்கலாமே, பங்குகள் எதற்கு என்றும் கேட்கலாம். செய்யலாம்தான். ஆயினும் ஆளுக்கொரு திறமை இருந்தால்தான் ஆளுக்கொரு முறை வரும். எல்லோரும் வாளேந்தினால், பூட்டிய கதவின் முன் எல்லோரும் கைகட்டி நிற்க வேண்டியதுதான்.