காவிரியின் விசையும் தங்கவயலின் புழுதியும்

கோலார் தங்கவயலின் நந்திதுர்க் பகுதியோடு உறவுள்ள தமிழ்க் குடும்பங்கள் நம்மிடையே பல உண்டு. வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் பிழைப்பை நாடி அவர்களுடைய முன்னோர் அங்கே குடியேறினர். அவர்கள் வெட்டிய பொன்னைப் பற்றிப் பலர் பேசியிருக்கின்றனர். அப்பொன்னை வெளிக்கொணர்ந்த விசை எங்கிருந்து வந்தது, அதற்கு நிலம் கொடுத்த விலை யாது என்பதையே இன்று நாம் ஆராயப் புகுகின்றோம்.

1880-ஆம் ஆண்டளவில் ஜான் டெய்லர் கம்பெனியார் இத்தொழிலில் இறங்கினர். மைசூர், சாம்பியன் ரீஃப், ஊரிகாம், நந்திதுர்க் என்று சுரங்கங்கள் பெருகின. கல்லை இடிக்கவும், ஊற்றுநீரை இறைக்கவும் நீராவி யந்திரங்களே துணை. நிலக்கரியோ தொலைவிலிருந்து வரவேண்டியது, விலையும் அதிகம். ஆகவே விறகும் எரிந்தது. மழை குறைந்த நாட்டின் காடு கொதிகலனின் பசிக்கு எத்தனை காலம் ஈடுகொடுக்கும்?

இதற்கு வழி காட்டியவர் மைசூர் சர்க்காரில் பணிபுரிந்த ஜோலி டி லாட்பினியேர் என்னும் கனடா நாட்டுப் பொறியியல் அதிகாரி. சிவசமுத்திரத்தில் வீழ்கின்ற காவிரியை மின்விசையாக மாற்றித் தங்கவயலுக்குக் கொண்டுசெல்லலாம் என்றார். வெளிநாடுகளுக்குச் சென்று மின்நிலையங்களைப் பார்த்தும் வந்தார். மின்சாரத்தைக் கம்பி வழியே இவ்வளவு தூரம் அனுப்புவது அன்று துணிகரமான காரியம். திவான் சேஷாத்திரி ஐயர் அவரை நம்பினார். பாலக்காட்டைச் சேர்ந்த அப்பெரியார், திட்டம் நிறைவேறுவதைக் காணாமலே 1901-இல் காலமானார்.

1902 ஜூன் 30 அன்று ஏறத்தாழ 147 கிலோமீட்டர் தொலைவைக் கடந்து மின்சாரம் தங்கவயலை அடைந்தது. பெங்களூர் நகரமே மின்விளக்கைக் கண்டது 1905-இல்தான்! கோடையில் ஆறு மெலிந்தால் விசையும் மெலியும். ஆதலின் 1911-இல் தொடங்கிய கிருஷ்ணராஜசாகர் அணையின் நோக்கங்களுள் இம்மின்நிலையத்துக்கு இடையறாது நீர் அளிப்பதும் ஒன்றாயிற்று. அணையைக் குறித்துச் சென்னை மாகாணத்தோடு எழுந்த வழக்கும், 1924-ஆம் ஆண்டு உடன்படிக்கையும் நேயர்கள் அறிந்தவையே. தஞ்சை வயலுக்குச் செல்லும் அதே ஆறுதான், கோலாரில் தமிழர் உழைத்த சுரங்கத்தையும் இயக்கிற்று.

புகை குறைந்தது; விறகின் தேவையும் தணிந்தது. ஆனால் மலிவான விசை கிடைத்ததும் மனிதன் முன்னிலும் ஆழமாகத் தோண்டினான். சாம்பியன் ரீஃப் 3 கிலோமீட்டருக்கும் கீழே இறங்கியது. அந்த ஆழத்தில் பாறை அனலாய்ச் சுடும். காற்றைக் குளிர்வித்து உட்செலுத்தவும் மின்சாரமே வேண்டும். பாறைத் தூசி பல தொழிலாளரின் நுரையீரலைக் கெடுத்தது. வெட்டிய கல்லை மாவாக அரைத்துச் சயனைடு கரைசலால் பொன்னைப் பிரித்தபின், எஞ்சிய மாவை மேலே குவித்தனர். அக்குவியல்கள் இலட்சக்கணக்கான டன் எடையுள்ள குன்றுகளாயின. சயனைடு வெயிலிலும் காற்றிலும் பெரும்பாலும் சிதைந்துபோகும். அதைக் கண்டே அஞ்சுவோர், நாள்தோறும் மூச்சில் புகும் நுண்ணிய புழுதியை மறந்துவிடுகின்றனர். நம் கருத்தில் அதுவே பெரிய கேடு.

மின்விசை மரத்தைக் காத்தது, நிலத்தைக் காக்கவில்லை. கணக்கு எழுதியவர்கள் விறகுச் செலவையும் மின்கட்டணத்தையும் ஒப்பிட்டனர். மண்மேட்டை எந்தக் கணக்கிலும் சேர்க்கவில்லை.

2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கங்கள் மூடப்பட்டன. இறைக்கும் யந்திரங்கள் நின்றபின் ஆழத்தில் நீர் ஏறியது. காற்றுப் பருவத்தில் அந்த மேடுகளிலிருந்து கிளம்பும் புழுதி இன்றும் தங்கவயல் வீடுகளில் படிகிறது.